இடது கையைத் தூக்கிய பெண்

ஒரு மாணவியின் அம்மாவைப் பள்ளிக்கு வரவழைத்து, "உங்கள் பெண் பொய் சொல்கிறாள்" என்று சொன்னேன். அவள் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு எங்கள் வகுப்பில் ஒரு பொய் நடந்தது உண்மைதான். அதைத் திட்டமிட்டு, ஒத்திகை பார்த்து, அரங்கேற்றியவன் நான். அவள் அதில் தனக்குக் கொடுத்த வேஷத்தைப் பிசகாமல் செய்தவள். அதற்குத்தான் தண்டனை வாங்கினாள்.

மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோவிலான மாதா கோவிலை ஒட்டிய பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். அப்பா ஆசிரியர், அத்தைகள் ஆசிரியைகள். எங்கள் குடும்பத்தில் வேறு வேலைக்குப் போனவர்களைப் பற்றிப் பேசும்போது சற்றுக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆகவே கற்பிப்பது எனக்கு இரத்தத்தில் ஊறியது என்று நம்பியிருந்தேன். என் இரத்தத்தில் ஊறியது கற்பிப்பதல்ல, கற்பிப்பது போல் தெரிவது. இந்த வித்தியாசம் புரிந்தபோது எனக்கு ஓய்வு பெறும் வயது வந்திருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழைய தந்திரம் உண்டு. கல்வித் துறையிலிருந்து ஆய்வுக்கு யாராவது வந்தால், கேள்வி கேட்டதும் வகுப்பு முழுவதும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. பார்க்க வருகிறவருக்கு ஒரே கை மயம், மனசு குளிர்ந்துவிடும். ஆசிரியர் வலது கை தூக்கிய யாரையாவது எழுப்புவார், பதில் கணீரென்று வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த ஆசிரியர் இதை ஏதோ மந்திர உபதேசம் மாதிரி என் காதில் சொன்னார். நானும் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இதில் ஒரு குறையும் எனக்குத் தெரிந்ததில்லை.

என் கடைசி வருடத்தில் கணினி ஆசிரியையாக ஒரு இளம்பெண் வந்து சேர்ந்தார். அடையாறிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவார். அவர்தான் எங்கள் பள்ளியில் வீடியோ காலைக் கொண்டுவந்தவர். வகுப்பு டிவியில் லேப்டாப்பைச் செருகி எங்கோ இருக்கிற ஒரு ஆளைக் கூப்பிடுவார். ஒரு நாள் ரயில் ஓட்டுகிற ஒரு பெண். இன்னொரு நாள் மலையில் நிலச்சரிவை ஆராய்கிற ஒருவர், சரிந்த மண்ணின் மேலேயே நின்றுகொண்டு பேசினார். அன்றைக்கு நான் பக்கத்து வகுப்பில் பாறை வகைகளை நடத்திக்கொண்டிருந்தேன். சுவர் வழியாக அந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. என் வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

ஆசிரியர் அறையில் சொன்னேன்: "என்ன மிஸ், தினமும் சினிமாவா?"

"டிக்கெட் ஃப்ரீ சார், நீங்களும் வாங்க," என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலை வீடு வரைக்கும் அந்தச் சிரிப்பு என் முகத்திலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அப்போது எனக்கு மனம் வரவில்லை. தரம் குறைகிறது என்று பெயர் வைத்தேன். ஜூலையில் அவர் அண்டார்டிகாவில் இருக்கும் ஒரு விஞ்ஞானியை ஏற்பாடு செய்ததும் என் கொள்கை ஒரே நாளில் மாறியது. பள்ளித் தாளாளரான ஃபாதரே வந்து பார்க்கப் போகிறார் என்று தெரிந்தது. "அறிவியல் சம்பந்தப்பட்டது, நானே நடத்துகிறேன்," என்று முந்திக்கொண்டேன். கணினி மிஸ் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். "சரி சார், லேப்டாப்பை மட்டும் நான் பார்த்துக்கறேன்," என்றார்.

தி. நகர் போய் வெளிர்நீலத்தில் ஒரு புதுச் சட்டை வாங்கினேன். பனிக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று. அண்டார்டிகாவில் இருப்பவர் என் சட்டையைப் பார்த்து என்ன நினைப்பார் என்று யோசித்தபடி துணிக்கடைக் கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்ற அந்த மனிதனை இப்போது நினைத்தால் தோளைப் பிடித்து வெளியே தள்ளத் தோன்றுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து கேள்விகளை மனப்பாடம் செய்யக் கொடுத்தேன். மற்றவர்களுக்கு: "அவர் ஏதாவது கேட்டால் எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சா வலது, தெரியலேன்னா இடது. மறக்கக்கூடாது."

கணினி மிஸ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சார், அவர் இன்ஸ்பெக்டர் இல்ல சார். பசங்க எதை வேணா கேக்கட்டுமேன்னுதான் வர்றார்," என்றார்.

"ஃபாதர் வர்றார் இல்ல," என்றேன். அதற்குமேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

அன்று மத்தியானம் டிவியில் அந்த மனிதர் வந்தார். தாடி, கம்பளித் தொப்பி, பின்னால் ஒரு சின்ன ஜன்னல், அங்கே அப்போது காலை நேரம், ஆனாலும் ஜன்னலில் கும்மிருட்டு. பிள்ளைகள் "ஹோ" என்று கத்தினார்கள். டிவியின் மூலையில் சின்னக் கட்டத்தில் எங்கள் வகுப்பு தெரிந்தது. விருந்தினருக்கு முதுகைக் காட்டுவது மரியாதையில்லை என்று நான் டிவியைப் பார்த்தபடியே நின்றேன். பிள்ளைகள் என் பின்னால். அவர்களை அந்தச் சின்னக் கட்டத்தில் பார்த்துக்கொண்டேன்.

ஐந்து கேள்விகளும் ஒப்பித்து முடிந்தன. விஞ்ஞானி பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு அவர் கேட்டார்: "இங்கே சில வாரமா நான் சூரியனையே பார்க்கல. ஏன் தெரியுமா யாருக்காவது?"

பூமியின் சாய்வு. போன வாரம்தான் நடத்தியிருந்தேன். கட்டத்தில் எல்லாக் கைகளும் எழுந்தன. ஃபாதர் முகம் மலர்ந்தது. நான் வலது கை தூக்கியவர்களைத் தேடி, முன் வரிசையில் ஒரு பையனை எழுப்பினேன். அவன் எழுந்து பெஞ்சைப் பார்த்தான். அடுத்து இன்னொருவன். அவன் ஜன்னலைப் பார்த்தான். மூன்றாவதாக, கடைசி வரிசையில் கையை நன்றாக மேலே நீட்டியிருந்த ஒரு பெண்ணை எழுப்பினேன். தி. நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிற அம்மாவின் மகள்.

"தெரியாது சார்," என்றாள். தெளிவாக, சத்தமாக.

வகுப்பு சிரித்தது. விஞ்ஞானியும் சிரித்தார். "நல்லதா போச்சு. தெரியாதுன்னு சொல்ல எங்க ஆளுங்களுக்கே வாய் வராது. சரி, உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்? நீ கேளு," என்றார்.

அவள் யோசிக்கவே இல்லை. ரொம்ப நேரமாகத் தயாராக வைத்திருந்தவள் மாதிரி, "அங்க என்ன வாசனை..." என்று ஆரம்பித்தாள்.

வகுப்பு வெடித்தது. யாரோ ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு "உவ்வே" என்றான். என் கை தானாகப் போய் லேப்டாப்பில் மைக் படத்தை அழுத்தியது. "உட்காரு! மந்தம்! கேக்கறதுக்கு வேற கேள்வியே கிடைக்கலையா?" என்றேன்.

அண்டார்டிகாவுக்குக் கேட்கவில்லை. அவ்வளவு எச்சரிக்கையாக இருந்தேன். விஞ்ஞானி பார்த்தது, நீலச் சட்டை போட்ட ஒரு கிழவன் ஆத்திரமாக வாயசைப்பதும், பின்னால் ஒரு பெண் உட்காருவதும். கேட்கக்கூடாத அத்தனை பேருக்கும் கேட்டது.

மீண்டும் மைக்கைத் திறந்து, "மன்னிக்கணும் சார், நெட்வொர்க்," என்றேன்.

வகுப்பு முடிந்ததும் மூன்று பேரையும் ஆசிரியர் அறைக்கு அழைத்தேன். தெரியாமல் எதற்கு வலது கையைத் தூக்கினீர்கள் என்று கேட்டேன். இரண்டு பையன்களும் உடனே "சாரி சார்" என்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டேன். அந்தப் பெண் மட்டும், "நான் லெஃப்ட்தான் சார் தூக்கினேன்," என்றாள்.

"நான் என் கண்ணால பார்த்தேன்."

"லெஃப்ட்தான் சார்."

அன்றைக்கு உண்மை பேசியிருந்தால் அந்தப் பையன்களும் இதையே சொல்லியிருக்க வேண்டும். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டவர்கள் தப்பித்தார்கள். அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. மறுநாள் அம்மாவை அழைத்துவரச் சொன்னேன்.

கடையின் சீருடைப் புடவையோடு அந்த அம்மா வந்தார். வேலை நடுவில் அனுமதி கேட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தார்.

"இன்னா சார் பண்ணிச்சு இது?"

"பொய் சொல்றாம்மா. தப்பு பண்ணினதுகூடப் பரவாயில்ல. முகத்துக்கு நேரா பொய் சொல்றா."

"இதுவா? பொய்யா?" அந்த அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "சார், வூட்டுக்காரரு வந்தா நான் இல்லன்னு சொல்லுன்னா, அம்மா உள்ள தூங்கிக்கினு கீதுன்னு சொல்ற பொண்ணு சார் இது. இதால எனக்கு எத்தினி வம்பு தெரியுமா?"

வாடகை கேட்க வரும் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறார். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே விழித்திருப்பார்கள். நான், "வீட்ல எப்படியோ, இங்க பொய் சொன்னா," என்றேன்.

அந்த அம்மா என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். யாரை நம்புவது என்று அவர் யோசித்த அந்தச் சில விநாடிகளில் நான் வாயைத் திறந்திருக்கலாம். படித்தவன், வயதானவன், ஆசிரியன் என்ற மூன்றும் சேர்ந்து ஜெயித்தன. மகள் பக்கம் திரும்பி, "சாரி சொல்லுடி," என்றார். அவள் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மேஜையைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் வகுப்பில் எந்தக் கையையும் தூக்கவில்லை. அதை நான் முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் எனக்குக் கண்புரை ஆபரேஷன். ஆழ்வார்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் முடிந்தது. தூசி படக்கூடாது, இரண்டு வாரம் வீட்டிலேயே இருங்கள் என்றார்கள். காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கணினி மிஸ் போன் செய்தார்: "சார், வீட்ல இருந்தே வீடியோ கால்ல எடுங்களேன். லேப்டாப்பை உங்க மேஜை மேலேயே வெச்சுடறேன்." சினிமா என்று கேலி செய்தவனை நாயகனாக்கி வேடிக்கை பார்க்க ஆசைப்படுகிறாரோ என்று சந்தேகப்பட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. சந்தேகம் என் சொந்தத் தயாரிப்பு.

கறுப்புக் கண்ணாடியோடு போனில் தோன்றியதும் வகுப்பில் விசில் பறந்தது. "சார், செம்ம மாஸ் சார்!" முதல் நாள் முழுவதும் அந்த மகிழ்ச்சியிலேயே கழிந்தது. ஆனால் இரண்டு விஷயங்களை அந்தப் போன் எனக்குக் காட்டியது.

ஒன்று: மேஜை மேல் இருக்கிற லேப்டாப்பைப் பிள்ளைகள் ஒரு ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அமைதியாகிற வகுப்பு, திரையில் நான் காத்திருப்பதை மறந்துவிடும். அந்தப் பெண் உள்ளே வந்து தன் இடத்துக்குப் போகும்போது வழியெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "மோப்பம் வருதுடா, மோப்பம்! இன்னா வாசன கீது இன்னிக்கி?" அவள் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தினமும் நடக்கிற காரியம் என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. இரண்டு மாதமாக அந்த வகுப்புக்கு நான் போய் வந்திருக்கிறேன். அந்தப் பெயர் ஒரு தடவைகூட என் காதில் விழுந்ததில்லை.

இன்னொன்று, என் வீட்டுச் சுவர்க் காலண்டர். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வகுப்பு ஆரம்பிக்கும் முன் போனில் என் உருவத்தைச் சரி செய்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் தொங்கிய பங்குக் காலண்டரில் எழுத்துகளெல்லாம் பின்பக்கமாகத் திரும்பியிருந்தன. சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

"ஏய், இங்க வா! ஆபரேஷன் கெட்டுப்போச்சு! எழுத்தெல்லாம் திரும்பித் தெரியுது!"

என் மனைவி கரண்டியோடு வந்தார். காலண்டரைப் பார்த்தார். "நேராத்தானே இருக்கு."

"போன்ல பாரு!"

"போன்ல திரும்பினா கண்ணு எப்படிங்க கெட்டுப்போகும்? போனுக்குத்தான் ஆபரேஷன் பண்ணணும்," என்றபடி அவர் உள்ளே போய்விட்டார்.

திரையில் கணினி மிஸ் சிரித்துக்கொண்டிருந்தார். "சார், நம்ம படம் நமக்கு மட்டும் கண்ணாடி மாதிரி திரும்பித் தெரியும். மத்தவங்களுக்கு நேராத்தான் தெரியும். எனக்கு உங்க காலண்டர் நல்லாவே படிக்க முடியுது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே சார். அது அப்படித்தான்."

நான் என் வலது கையைத் தூக்கிப் பார்த்தேன். எதிரில் இருந்த என் உருவம் இடது கையைத் தூக்கியது. எத்தனையோ வருடமாகப் பிள்ளைகளுக்கு எதிரே நின்றவன் நான். என் இடப்பக்கம் எழுகிற கை அவர்களுடைய வலது கை என்பது எனக்கு யோசிக்காமலே வரும். அண்டார்டிகா நிகழ்ச்சி அன்றைக்கு, டிவி மூலையிலிருந்த கட்டத்தில், முதன்முதலாக அவர்களைக் கண்ணாடியில் பார்த்தேன்; அவள் தூக்கிய இடது கை எனக்கு வலது கையாகத் தெரிந்தது. அந்த வகுப்பின் பின்சுவரில் ஒரு எழுத்து இருந்திருந்தாலும் அங்கேயே பிடிபட்டிருப்பேன். அந்தச் சுவரில் ஈரக்கறை மட்டும்தான் இருந்தது.

பிள்ளைகளுக்குக் கண்ணாடியில் ஏற்படும் இடவல மாற்றத்தை வருடா வருடம் படம் போட்டு நடத்துகிறவன் நான். இதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்குப் பாடம் எப்படிப் போனதென்று நினைவில்லை. மறுநாள் வகுப்பின் ஆரம்பத்தில் ஒரு அறிவிப்புச் செய்தேன். "அன்றைக்கு அண்டார்டிகா நிகழ்ச்சியில் கணினியில் ஒரு கோளாறு. கைகள் மாறித் தெரிந்துவிட்டன. யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்." ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் கணினி மிஸ் திரைக்கு அருகில் வந்து தணிந்த குரலில், "கோளாறு ஒண்ணும் இல்லையே சார்," என்றார். நான் இணைப்பைத் துண்டித்தேன்.

மனம் உறுத்தியது. நான் வழக்கமாகப் பாவசங்கீர்த்தனம் செய்து, என் தவறுகளை ஒப்புக்கொள்கிற குரு எங்கள் ஃபாதர்தான். அவரோ அன்றைக்கு வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர். அதனால் ஆட்டோ பிடித்து அடையாறு பக்கம் முன்பின் தெரியாத ஒரு கோவிலுக்குப் போனேன். கண்ணுக்குத் தூசி ஆகாது என்பது அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டது. இளம் குரு ஒருவர் முழுக்கக் கேட்டார்.

"அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல ஃபாதர்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்து என்கிட்ட சொல்றீங்க?"

திரும்பி வரும்போது ஆட்டோக்காரர், "இன்னா பெரியவரே, வேண்டுதல் நிறைவேறிச்சா?" என்று கேட்டார். "இல்லப்பா," என்றேன். "நெறவேறும், நெறவேறும்," என்றார்.

அதற்கடுத்த நாள் கணினி மிஸ் போன் செய்தார். அந்தப் பெண்ணின் அம்மா மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். காலையில் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று தினமும் வீட்டில் அழுகையாம். கிண்டியில் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் சேர்க்கப் போகிறார்கள். திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்வார்கள்.

"அந்த அம்மாவைக் கொஞ்சம் வகுப்புக்குக் கூட்டிட்டு வர முடியுமா, மிஸ்? என் பீரியட்ல," என்றேன்.

"நீங்க நேர்ல வர்றீங்களா சார்?"

ஆட்டோவில் அடையாறு போக முடிந்தவன் நடந்து போகும் தூரத்தில் இருக்கிற பள்ளிக்குப் போயிருக்கலாம். "கண்ணு இன்னும் சரியாகலையே," என்றேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பேச்சைத் தயார் செய்தேன். குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். அழகான பேச்சு. தொழில்நுட்பத்தின் வேகம், மூப்பின் தடுமாற்றம், என் விழிகளில் படர்ந்திருந்த திரை, எல்லாம் வந்தன. மன்னிப்பு கடைசியில் வந்தது. பண்டிகைச் சாப்பாட்டில் கடைசியாகப் பரிமாறுகிற மோர் மாதிரி.

திங்கட்கிழமை இணைந்தேன். வகுப்பு நிறைந்திருந்தது. கதவருகில் அந்த அம்மா சீருடைப் புடவையோடு நின்றார். நான் பேச ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் அசைந்தார்கள். சிலர் கையை ஆட்டினார்கள். சிலர் காதைத் தொட்டார்கள். ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். பேச்சு அவர்கள் நெஞ்சைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி ஆபரேஷன் செய்த கண்ணைக் கவனமாக ஒற்றிக்கொண்டு, மோர் வரைக்கும் வந்து முடித்தேன்.

கணினி மிஸ்ஸின் முகம் திரையை நிறைத்தது. "சார், நீங்க மியூட்ல இருக்கீங்க. ஆரம்பத்துலேருந்தே."

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல்: "எனக்கு நல்லாக் கேட்டுச்சு. கொஞ்சம் நீளம்."

மறுபடியும் அதையெல்லாம் சொல்ல என்னால் முடியவில்லை. மைக்கைத் திறந்து, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "நீ அன்னிக்கு இடது கையைத்தான் தூக்கினே. நான்தான் தப்பாப் பார்த்தேன். நீ உண்மையைச் சொன்னே, நான் உன்னைப் பொய்க்காரின்னு சொன்னேன். மந்தம்னும் சொன்னேன். வலது கை இடது கைன்னு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே ஒரு ஏமாத்து வேலை. அதைச் செஞ்சவன் நான்." அவ்வளவுதான் வந்தது.

அந்த அம்மா கதவிலிருந்து நடந்து வந்தார். லேப்டாப்புக்கு மிக அருகில் குனிந்ததால் அவர் முகத்தில் பாதிதான் எனக்குத் தெரிந்தது.

"சார். அன்னிக்கி வூட்டுக்குப் போயி நான் இத்த அடிச்சேன் சார். ஸ்கூல்ல அடிக்கக்கூடாதுன்னு வூட்டுக்கு இட்டாந்து அடிச்சேன். பதிமூணு வருசமா நான் கை வெச்சதில்ல இதும்மேல. நீங்க சொன்னீங்கோன்னு அடிச்சேன்."

"தப்புதாம்மா."

"தப்புதான்னு நீங்க சொல்லிட்டீங்க. நான் இன்னா சார் சொல்றது இதாண்ட?"

அவர் நிமிர்ந்து திரும்பினார். கடைசி வரிசைக்குப் போய் மகளுடைய தலையில் கை வைத்து ஏதோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை. கேட்கக்கூடாதுதான். அவள் அம்மாவின் இடுப்பில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப அதுக்குப் பதில் என்னா சார்? அங்க என்ன வாசனை அடிக்கும்?"

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. இடது கையைத் தூக்கினேன். அதற்கு வகுப்பு சிரித்த சிரிப்பில் அவள் சிரித்தாளா என்று பார்ப்பதற்குள் நெட்வொர்க் நிஜமாகவே போய்விட்டது.

சான்றிதழை அவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கிண்டிப் பள்ளியில் இடம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. என் மன்னிப்புக்காக யாரும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. மூக்கைப் பிடித்த பையன்களை நான் திரும்பிப் போனதும் கூப்பிட்டுப் பேசினேன். "சாரி சார்" என்று உடனே சொன்னார்கள். அந்த வார்த்தையை எவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியும் என்பதை அந்த வகுப்பு ஆசிரியர் அறையில் என் முன்னால்தான் கற்றுக்கொண்டது.

என்னால் செய்ய முடிந்தது இன்னும் ஒன்றுதான் இருந்தது. அந்த விஞ்ஞானியை இன்னொரு முறை கூப்பிட முடியுமா என்று கணினி மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் கூப்பிட்டார். அந்தப் பெண்ணும் அம்மாவின் போனிலிருந்து சேரலாம் என்று மிஸ்ஸே செய்தி அனுப்பினார். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து. ஒத்திகை இல்லை, தாளாளர் இல்லை. நான் என் வீட்டில், பழைய சட்டையில், காலண்டருக்குக் கீழே. திரையில் பல கட்டங்களில் ஒன்று.

அண்டார்டிகாவில் இப்போது ஜன்னல் முழுக்க வெயில். பிள்ளைகள் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்டார்கள். பென்குயின் கடிக்குமா, குளிப்பீர்களா, சண்டை வருமா. கிண்டியிலிருந்து ஒரு கட்டம் திறந்தது. சமையலறை மாதிரி ஒரு இடம்.

"அங்க என்ன வாசனை சார்?"

விஞ்ஞானி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நீதானா அது? அன்னிக்கு ஏதோ கேட்ட, பாதியில நின்னுபோச்சு. வெளியில ஒண்ணுமே இல்லம்மா. குளிர்ல வாசனை கிளம்பி மூக்குக்கு வராது. மண் இல்ல, செடி இல்ல. உள்ள டீசல், ஈர சாக்ஸ், எங்க சமையல். ஒரு பாக்கெட் மிளகாய்ப்பொடியைத் திறந்தா கட்டடம் முழுக்க ஆளுங்க ஓடி வருவாங்க."

"அப்ப ஊருக்குத் திரும்பி வந்தா மூக்கு மறந்துபோயிருக்குமா சார்?"

"அது எனக்குத் தெரியாது. மார்ச்ல வந்து இறங்கினதும் மோந்து பார்த்துட்டு உனக்குச் சொல்றேன்."

"கூவம் பக்கம் போவாதீங்கோ சார்," என்றாள் அவள். விஞ்ஞானி விழுந்து விழுந்து சிரித்தார். மயிலாப்பூர் வகுப்பும் சிரித்தது. இம்முறை எல்லாரும் ஒரே பக்கம் நின்று சிரித்த மாதிரி இருந்தது.

முடிகிற நேரத்தில் ஒவ்வொரு கட்டமாக மூடிக்கொண்டு வந்தது. கிண்டிக் கட்டம் இன்னும் திறந்திருந்தது. அவள் போனை எங்கோ சாய்த்துவைத்திருக்க வேண்டும், கூரைதான் தெரிந்தது. பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது:

"யார்டி அது, அந்த சாரா? கறுப்புக் கண்ணாடி?"

"ஆமாம்மா. இப்பக் கண்ணாடி இல்ல."

"எதுனா பேசுனாரா?"

"இல்லம்மா. அவரு மியூட்ல கீறாரு."

மியூட்டில்தான் இருந்தேன். அப்படியே இருந்தேன்.